கறிக்கோழித் தீவனத்தில் சோயாவுக்கு மாற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கறிக்கோழித் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கின் அளவைக் குறைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: சோயாப் புண்ணாக்கிலும் நிலக்கடலைப் புண்ணாக்கிலும் புரதம் ஏறத்தாழ 45 சதவீதம் என்றே ஆய்வகச் சான்றில் உள்ளது. எனவே சோயாவை நிறுத்திவிட்டு, அதே எடைக்குக் கடலைப் புண்ணாக்கைச் சேர்த்தேன். கோழிகள் தீவனத்தை நன்றாகவே தின்கின்றன. ஆனால் 5ஆவது வாரத்தில் எடை மிகவும் பின்தங்கியிருக்கிறது. காரணம் என்ன?

பதில்: சான்றில் நீங்கள் பார்த்த எண் கச்சாப் புரதத்தின் அளவு. மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கினால் கிடைப்பது அது. அந்த நைட்ரஜன், புரதத்தின் கட்டுமானப் பொருள்களான அமினோ அமிலங்களில் எதில் இருக்கிறது, அதில் எவ்வளவு கோழியின் குடலில் செரிக்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. கோழியின் வளர்ச்சியோ அந்த இரண்டையும் பொறுத்தே அமைகிறது. இறைச்சி வளர்வதற்கு லைசின், மெத்தியோனின், திரியோனின் போன்ற அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் கிடைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு மிகுந்திருந்தாலும் பயனில்லை. மிகுந்தவை சிதைந்து யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறிவிடும்.

உங்கள் கணக்கை 10 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 290 கிராம் லைசின் உண்டு. அதில் 90 சதவீதம் செரிக்கும் என்று கொண்டால், கோழிக்குச் சேர்வது 260 கிராம். 10 கிலோ கடலைப் புண்ணாக்கில் உள்ள லைசின் 150 கிராம் அளவே. செரிப்பதும் குறைவு என்பதால் 120 கிராம்தான் தேறும். ஆக, ஒவ்வொரு 10 கிலோ மாற்றத்திலும் 140 கிராம் லைசினை நீங்கள் இழந்திருக்கிறீர்கள். இதை ஈடுகட்ட ஏறத்தாழ 180 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடு (தீவனத்தில் சேர்க்கும் லைசின் உப்பு) சேர்த்திருக்க வேண்டும். திரியோனினும் மெத்தியோனினும்கூடக் கடலையில் சோயாவைவிடக் குறைவு என்பதால், லைசினோடு நிறுத்திவிடவும் முடியாது.

எனவே எந்தப் புண்ணாக்கை வாங்கினாலும், ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, செரிக்கும் லைசின் ஒரு கிலோ என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். மலிவாகத் தோன்றும் பல பொருள்கள் இந்தக் கணக்கில் சோயாவைவிட விலை கூடியவையாக முடியும். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. எள்ளுப் புண்ணாக்கில் லைசின் குறைவு. ஆனால் மெத்தியோனின் சோயாவில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சோயாவின் குறையே மெத்தியோனின்தான் என்பதால், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. எள்ளின் தோலில் ஆக்சலேட் இருந்து கால்சியத்தைப் பிடித்துவைப்பதால், தோல் நீக்கியதே நல்லது. 60 சதவீதப் புரதமுள்ள மக்காச்சோள குளூட்டனும் இதே வகை: மெத்தியோனின் மிகுதி, லைசின் மிகக் குறைவு. இவை சோயாவுக்குத் துணையாக நிற்கக்கூடிய பொருள்களே அன்றி, சோயாவின் இடத்தை முழுதும் பிடிக்கக்கூடியவை அல்ல.

கேள்வி: கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு இருக்கும் என்கிறார்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு தீவன ஆலையில் குருணையாக்கினால் நச்சு போய்விடாதா?

பதில்: போகாது. காயவைப்பதால் இனிமேல் பூஞ்சை வளர்வது தடைப்படும். ஏற்கெனவே உருவாகிவிட்ட அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு அப்படியே இருக்கும். அது சிதைய 200 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். குருணையாக்கும் எந்திரத்தின் வெப்பமோ 80 டிகிரியை ஒட்டியது. அந்த வெப்பத்தில் பூஞ்சை செத்துவிடுவதால், பார்வைக்கும் மணத்துக்கும் தீவனம் சுத்தமாகத் தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இந்த நச்சு உலகுக்குத் தெரியவந்ததே கடலைப் புண்ணாக்கின் வழியாகத்தான். 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் இறந்தபோது, முதலில் அதற்கு ‘எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கும், அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையும்தான் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. வான்கோழியையும் வாத்தையும்விடக் கறிக்கோழி இந்த நச்சைச் சற்றுத் தாங்கும். ஆனால் சாகாமல் இருப்பதே பண்ணையாளரை ஏமாற்றிவிடுகிறது. ஈரல் வீங்கி மஞ்சளாக வெளிறுவது, தடுப்பூசி போட்டும் எதிர்ப்புச் சக்தி உருவாகாமல் போவது, தீவனம் தின்றும் எடை ஏறாமல் இருப்பது என்று இழப்பு சிறிது சிறிதாக வரும், தடுப்பூசியைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம்.

பல நாடுகள் கோழித் தீவனத்துக்கு 20 பிபிபி, அதாவது 100 கோடியில் 20 பங்கு என்ற உச்ச அளவை வைத்திருக்கின்றன. குஞ்சுத் தீவனத்தில் அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையின் மேற்பரப்பிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பாதீர்கள். நச்சு ஓரிடத்தில் குவிந்தும் மற்றோரிடத்தில் இல்லாமலும் இருக்கும் இயல்புடையது என்பதால், பல மூட்டைகளின் அடியிலும் நடுவிலும் எடுத்துக் கலந்து, அதிலிருந்து ஒரு பங்கை அனுப்புங்கள். பென்டோனைட் வகைக் களிமண்ணால் ஆன நச்சு உறிஞ்சிகள் அஃப்ளாடாக்சினை நன்றாகவே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அவை எல்லை மீறாத சரக்குக்குக் கூடுதல் காப்பு. கெட்ட சரக்கை நல்லதாக்கும் மருந்தல்ல.

கேள்வி: பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கடுகுப் புண்ணாக்கும் எங்களுக்கு எளிதாகக் கிடைக்கின்றன. கறிக்கோழிக்குத் தரலாமா?

பதில்: இரண்டையும் அளவோடு தரலாம். பருத்திக்கொட்டையில் உள்ள காசிப்பால் என்ற நச்சுப் பொருள் லைசினைப் பிணைத்துச் செரிக்கவிடாமல் செய்வதோடு, இரத்தத்துக்குத் தேவையான இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. மொத்தத் தீவனத்தில் கட்டற்ற காசிப்பால் (எதனோடும் பிணையாதது) 100 பிபிஎம்-க்குள், அதாவது 10 லட்சத்தில் 100 பங்குக்குள் இருந்தால் கறிக்கோழி தாங்கும். அதற்கு மேல் போகும் நிலை வந்தால், காசிப்பாலின் எடைக்குச் சமமான இரும்பு கிடைக்கும்படி ஃபெரஸ் சல்பேட் சேர்ப்பது வழக்கம். அந்த உப்பில் இரும்பு ஐந்தில் ஒரு பங்குதான் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். தோலோடு ஆட்டிய புண்ணாக்கில் நார் மிகுந்திருப்பதால் அது மாட்டுக்கே ஏற்றது.

கடுகுப் புண்ணாக்கின் காரநெடிக்குக் காரணமான குளூக்கோசினோலேட்டுகள் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கின்றன; 5 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கனடாவில் 1970களில் உருவாக்கப்பட்ட கனோலாவில் இந்தப் பொருள் மிகக் குறைவு என்பதால், அதன் புண்ணாக்கைக் கூடுதலாகச் சேர்க்க முடிகிறது. இரண்டும் ஒரே குடும்பப் பயிர்களாயினும், கனோலாவுக்குச் சொல்லப்படும் அளவை நாட்டுக் கடுகுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: மீன் தூளில் புரதம் 55 சதவீதம் என்று சான்று தருகிறார்கள். ஆனால் அதைப் போட்ட கூடத்தில் கூளம் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. ஏமாற்றப்படுகிறேனோ என்று ஐயமாக உள்ளது.

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. தீவனப் பொருள்களில் கலப்படத்துக்கு மிகவும் இடம் தருவது மீன் தூள்தான். உப்பிட்டு உலர்த்திய மீனை அரைத்திருந்தால், அதிலுள்ள உப்பு கோழியை அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கவைக்கும். எச்சம் நீர்த்துப்போய்க் கூளம் ஈரமாகும். உப்பின் அளவைச் சோதித்து, அதற்கேற்பத் தீவனத்தில் சேர்க்கும் சமையல் உப்பைக் குறைப்பதோ நிறுத்துவதோ முதல் வேலை.

அடுத்து, யூரியா. அதில் நைட்ரஜன் 46 சதவீதம் என்பதால், 6.25ஆல் பெருக்கினால் யூரியாவின் ‘புரதம்’ 287 சதவீதம் என்று வரும். 100 கிலோவில் 1 கிலோ யூரியா இருந்தால் போதும். சான்றில் புரதம் ஏறத்தாழ 3 சதவீதம் உயர்ந்து காட்டும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். கோழிக்கு அந்த வசதி இல்லை.

இதை ஆய்வகத்துக்கு அனுப்பாமலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வறுக்காத பச்சைச் சோயா மொச்சையை மாவாக்குங்கள். அதில் யூரியேஸ் என்ற நொதி உயிர்ப்போடு இருக்கும். மூடியுள்ள சிறு பாட்டிலில் இரண்டு கரண்டி மீன் தூளும் ஒரு கரண்டி சோயா மாவும் இட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூடி வையுங்கள். சோயா மாவு சேர்க்காத மற்றொரு பாட்டிலையும் அதன் அருகில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டையும் திறந்து முகர்ந்தால், யூரியா கலந்த சரக்கில் சோயா சேர்த்த பாட்டிலில் மட்டும் அம்மோனியா மூக்கைத் துளைக்கும். ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளைப் பாட்டிலின் வாயில் பிடித்தால் அது நீலமாகும். இரண்டு பாட்டிலும் ஒரே அளவில் நாறினால் அது பழைய மீனின் நாற்றம். அந்தச் சரக்கும் வேண்டாம். மணல் கலந்ததா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு பிடி தூளைத் தூவிக் கலக்கிவிடுங்கள். மணல் உடனே அடியில் தங்கும்.

நல்ல மீன் தூள், லைசினும் மெத்தியோனினும் இரண்டும் நிறைந்த அரிய பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிய சூட்டில் உலர்த்தினால் அதில் கிசரோசின் என்ற பொருள் உருவாகி, கோழியின் அரைவைப்பையைப் புண்ணாக்கும். சால்மொனெல்லா கிருமி வருவதற்கும் அது ஒரு வழி. நம்பகமான சரக்கு கிடைத்தால் குஞ்சுத் தீவனத்தில் சிறிதளவு சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் மீன் தூள் இல்லாமலே கறிக்கோழி வளர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: அசோலாவில் 25 சதவீதம் புரதம் என்று படித்தேன். தொட்டி அமைத்து வளர்த்தால் தீவனச் செலவைப் பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: அசோலா நீரில் மிதந்து வளரும் சிறு செடி; அந்த 25 சதவீதம் உலர்ந்த அசோலாவுக்கு உரியது. தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் 94 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். 10 கிலோ பச்சை அசோலாவில் உலர்பொருள் 600 கிராம். அதில் புரதம் 150 கிராம். இது ஏறத்தாழ 330 கிராம் சோயாப் புண்ணாக்கில் கிடைத்துவிடும். 5ஆவது வாரத்தில் நாளொன்றுக்கு 180 கிராம் அளவுக்குத் தீவனம் தின்னும் கறிக்கோழி, 100 கிராம் அசோலாவைத் தின்று வயிற்றை நிரப்பினால், அதற்குக் கிடைக்கும் உலர்பொருள் 6 கிராம்தான். மெதுவாக வளரும் நாட்டுக்கோழிக்கும் வாத்துக்கும் அசோலா நல்ல துணைத் தீவனம், கறிக்கோழிக்கு அல்ல. முருங்கை இலைத் தூளும் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கூபாபுல் இலையில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால், அதைக் கறிக்கோழிக்குத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: கருப்பு சிப்பாய் ஈயின் புழுக்களை வளர்த்துக் கோழிக்குத் தந்தால் சோயாவே தேவையில்லை என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இன்று பேசப்படும் மாற்றுகளில் உயிரியல் நோக்கில் கறிக்கோழிக்கு மிகவும் பொருந்துவது இந்தப் புழுதான். பூச்சிகளைத் தின்பது கோழியின் இயல்பு. உலர்ந்த முழுப் புழுவில் 40 சதவீதம் அளவுக்குப் புரதமும் 30 சதவீதம் அளவுக்குக் கொழுப்பும் இருக்கும். கொழுப்பைப் பிழிந்தெடுத்தபின் எஞ்சும் தூளில் புரதம் 50 முதல் 60 சதவீதம் வரை உயரும். லைசின் போதிய அளவு உண்டு, கால்சியமும் மிகுதி.

ஆனால் இங்கும் 6.25 என்ற பெருக்கெண் நம்மை ஏமாற்றுகிறது. புழுவின் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அது புரதமல்ல. முழுப் புழுவுக்கு 4.76 என்ற பெருக்கெண்ணே சரியானது என்று 2017இல் ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். அதன்படி பார்த்தால், சான்றில் 42 சதவீதம் என்று இருப்பது உண்மையில் 32 சதவீதம். புழு முதிர்ந்து கருக்கத் தொடங்கினால் தோல் தடித்துக் கைட்டின் கூடும் என்பதால், வெளிர் நிறத்தில் இருக்கும்போதே அறுவடை செய்ய வேண்டும்.

கறிக்கோழித் தீவனத்தில் இந்தப் புழுத் தூளை 5 முதல் 10 சதவீதம் வரை சேர்த்த சோதனைகளில் பொதுவாக வளர்ச்சி குறையவில்லை; 15 சதவீதத்துக்குப் போனபோது தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தேவைப்படும் தீவனத்தின் அளவு) கெட்டதைக் கண்டிருக்கிறார்கள். உயிருள்ள புழுவை நாள்தோறும் சிறிதளவு தூவினால் கோழிகள் கூடுதலாக நடமாடுவதும், கால் வலுப்படுவதும் தெரியவந்துள்ளது. சிறிய பண்ணையாளருக்கு உலர்த்தும் எந்திரச் செலவில்லாத இந்த முறையே ஏற்றது.

பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் விட்டுவிடும் கேள்வி, புழுவுக்கு எதைத் தீனியாகத் தருவது என்பது. எதைத் தின்கிறதோ அதன் குணம் புழுவில் தெரியும். குறிப்பாகக் காட்மியம் என்ற கன உலோகம் புழுவின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், அந்தப் பூச்சிகளுக்குச் சமையலறைக் கழிவையும் சாணத்தையும் தரக் கூடாது என்ற தடையைத் தளர்த்தவில்லை. காய்கறி, பழக் கழிவு, தானிய ஆலைத் தவிடு ஆகியவை ஒரே தரத்தில் தொடர்ந்து கிடைக்குமானால் தொடங்குங்கள். கோழி எச்சத்தில் புழு வளர்த்து அதையே கோழிக்குத் தருவது நோய்க்கிருமியைச் சுழலவிடுவதாகும்.

கேள்வி: தீவனத்தில் செயற்கை அமினோ அமிலம் சேர்ப்பது, கோழிக்கு ஹார்மோன் தருவது போன்றதா?

பதில்: இல்லை. லைசினைச் சர்க்கரை அல்லது மாவுப்பொருளை நுண்ணுயிர்களால் நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். மெத்தியோனினைப் பெரும்பாலும் வேதிமுறையில் உண்டாக்குகிறார்கள். குடலில் சேர்ந்தபின் இவற்றுக்கும் புண்ணாக்கிலிருந்து செரித்துவரும் அமினோ அமிலத்துக்கும் வேறுபாடு இல்லை.

என்னைக் கேட்டால், சோயாவைக் குறைப்பதற்கு மிகவும் நம்பகமான வழி புதிய புண்ணாக்கைத் தேடுவதல்ல; இந்த அமினோ அமிலங்களைக் கொண்டு தீவனத்தின் மொத்தப் புரதத்தையே 1 அல்லது 2 சதவீதம் இறக்குவதுதான். கச்சாப் புரதத்தை 1 சதவீதம் இறக்கினால் எச்சத்தில் வெளியேறும் நைட்ரஜன் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். கோழி குடிக்கும் தண்ணீரும் குறைவதால் கூளம் உலர்ந்திருக்கும்; கூடத்தில் அம்மோனியா நெடியும் தணியும். அளவுக்கு மீறி இறக்கினால் வேலின், ஐசோலூசின், கிளைசின் என்று மற்ற அமினோ அமிலங்களில் அடுத்தடுத்துப் பற்றாக்குறை தலைகாட்டும். மேலும் சோயா குறையும்போது பொட்டாசியமும் குறைகிறது. லைசின் ஹைட்ரோகுளோரைடால் குளோரைடு கூடுகிறது. எனவே சமையல் உப்பில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சமநிலையைக் காக்க வேண்டும்.

கேள்வி: மாற்றுப் புண்ணாக்கை எந்த வயதிலிருந்து தொடங்குவது?

பதில்: முதல் 10 நாள்களில் கைவைக்காதீர்கள். ஒரு கோழி 2.5 கிலோ எடையை எட்டுவதற்குள் தின்னும் ஏறத்தாழ 4 கிலோ தீவனத்தில், முதல் 10 நாள்களில் தின்பது 300 கிராம் அளவே. அதில் மிச்சம் பிடிப்பதால் கிடைப்பது சொற்பம். குஞ்சின் குடல் முதிராத அந்தக் காலத்தில் தவறு நேர்ந்தால் கடைசிவரை எடை பின்தங்கும். 3ஆவது வாரத்தில் 3 முதல் 5 சதவீதம் என்று தொடங்கி, கூளத்தையும் எடையையும் பார்த்து, கடைசிக் கட்டத் தீவனத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீவனத்தை மாற்றினால் இறைச்சியின் சுவை மாறுமா?

பதில்: எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன் தூளை விற்பனை நாள்வரை தந்தால் இறைச்சியில் மீன் வாடை வரும், கடைசி இரண்டு வாரங்களுக்கு அதை நிறுத்திவிட வேண்டும். மக்காச்சோள குளூட்டனில் உள்ள சாந்தோஃபில் நிறமி தோலையும் கொழுப்பையும் மஞ்சளாக்கும். அந்த நிறத்தை விரும்பும் வாடிக்கையாளர்களும் உண்டு, ஒதுக்குபவர்களும் உண்டு. எண்ணெய் நன்கு பிழிந்த புண்ணாக்குகளால் சுவையில் குறிப்பிடத்தக்க மாற்றம் வருவதில்லை.